மிதித்தவள் பெயர்

சரவணம்பட்டி
11.6.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

கனகம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாயனாவுக்கு இடது முழங்காலில் வலி. வலி இன்னும் வாய்வரை போகவில்லை என்பதால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அண்ணியும் நேஹாவும் எப்படி இருக்கிறார்கள்? அங்கலேஷ்வரில் மழை பிடித்துவிட்டதா?

அப்பாவை நாயனா என்று கூப்பிடுகிற நமக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் தெலுங்கில் போடவேண்டிய சண்டையைத் தமிழில் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற தையில், பூப்பறிக்கிற நோன்பு அன்று நடக்கும் பழைய ரேஸ் சைக்கிள் போட்டியில் நான் ஓடப்போகிறேன். பொள்ளாச்சியில் தொடங்கி, ஆழியாறு தாண்டி, வால்பாறை மலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுவரை. சட்டமும் முன் ஃபோர்க்கும் 1960-க்கு முன்னால் செய்ததாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். ஆண்கள் மட்டும் என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. பெண் ஒருத்தி வருவாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நானூறு பெண்பிள்ளைகளை ஓடு ஓடு என்று விரட்டுகிற பி.டி. டீச்சர் ஒரு நாள் தானும் ஓடிப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. போட்டி நடத்துகிற சங்கத்துப் பலகையில், ஜெயித்தவர்கள் வரிசையில், 'திருமலைசாமி' என்று நாயனா பெயர் மூன்று தடவை இருக்கிறது. அந்த மூன்று தடவையும் மிதித்தது மில்லில் வேலை பார்த்த மாசாணம் அண்ணன். ரேக்ளாவில் மாட்டுக்காரர் பெயரைத்தான் சொல்வார்கள், ஓட்டியவன் பெயரை யார் கேட்கிறார்கள்? அதே வழக்கத்தைச் சைக்கிளுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் ஜெயித்தால் என் பெயர்தான் எழுத வேண்டும். எழுத மாட்டோம் என்றால் அதை அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

நாயனாவின் இங்கிலீஷ் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். அவர் அதைத் தொட மாட்டேன் என்கிறார். "சங்கிலி அறுந்து எம்பையன் விழுந்தான். அந்தச் சங்கிலிய மாட்டுன கை இது" என்கிறார். நீங்கள் அந்த மலையில் விழுந்ததிலிருந்து, பதினான்கு வருஷமாக அதே பேச்சு.

உங்கள் தொழிற்சாலையில் பழைய டைட்டானியம் குழாய்களை ஏலம் விடுவார்கள் என்று எழுதியிருந்தீர்களே, கொஞ்சம் வாங்கி அனுப்புங்கள். மலையில் ஒவ்வொரு நூறு கிராமும் எனக்குப் பகை.

உங்கள் தங்கை,
கனகம்


அங்கலேஷ்வர்
28.6.1995

அன்புத் தங்கை கனகத்துக்கு,

நாங்கள் மூவரும் நலம். மழை பிடித்து ஊரெல்லாம் சேறு. உன் கடிதத்தை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "உங்க குடும்பத்துல ஒருத்தராவது வாயில சொன்னதக் காலுல செய்யறாங்களே" என்றாள். யாரைக் குத்துகிறாள் என்று தெரிந்துகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

தடித்த குழாய் ஒன்று, கம்பிகள் ஆறு, ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சீட்டுக் குழாய், ஹேண்டில்பார் கொம்பு, பெடல் கம்பிகள், எல்லா போல்ட்டும் இதில் செய்யலாம். இரும்பில் பாதிக்குச் சற்று மேல்தான் எடை. துரு என்பதே கிடையாது. ஆனால் கோபக்கார உலோகம். மாப்பிள்ளையிடம் சொல்: லேத்தை மெதுவாக ஓட்ட வேண்டும், சூடாற்றுகிற கூலண்ட் ஆறாக ஓட வேண்டும், உளி கூராக இருக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவாமல் முறுக்கினால் போல்ட் கடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு பெடல் கிராங்கையும் சேர்க்கிற நடு அச்சு மட்டும் இரும்பாகவே இருக்கட்டும்.

நாயனா காலுக்கு நல்லெண்ணெய் போட்டு நீவிவிடு.

அன்புடன்,
சீனிவாசலு


சரவணம்பட்டி
20.7.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம், உங்கள் மாப்பிள்ளையின் இடது புருவத்தைத் தவிர.

பார்சல் வந்தது. உங்கள் கடிதத்தை வரிவிடாமல் அவரிடம் படித்துக் காட்டினேன். "பதினெட்டு வருசமா லேத்துல நிக்கறேன் அம்மணி, பம்பு செட்டு ஷாஃப்டு நான் கடையாததா?" என்றார். பம்பு ஷாஃப்ட் கடைகிற வேகத்திலேயே போட்டார், கூலண்ட் இல்லாமல். சுருள் சுருளாக வந்தது திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிய ஆரம்பித்தது. வெல்டிங் வெளிச்சம் மாதிரி, கண் கூசிவிட்டது. பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். அது இன்னும் சீறியது. கடைசியில் வாசலில் கொட்டியிருந்த ஆற்று மணலை நான் முறத்தில் அள்ளிக் கொட்டினேன். அப்புறம்தான் அடங்கியது. இவர் பெயரைச் சொல்லி, கோவிந்தராஜுலு ஒர்க்‌ஷாப்பில் தீ என்று கணபதிப் பக்கம் முழுக்கப் பேச்சு.

மறுநாள் காலை உங்கள் கடிதத்தை என்னிடம் கேட்டு வாங்கி, லேத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். கோயில் படத்துக்குப் பக்கத்தில். இப்போது அதன்படிதான் நடக்கிறது. சீட்டுக் குழாய் முடிந்துவிட்டது. கையில் எடுத்தால் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நடு அச்சு ஏன் இரும்பு? அதுதானே கனம்?

கனகம்


அங்கலேஷ்வர்
5.8.1995

அன்புத் தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளையின் புருவம் ஆவணிக்குள் முளைத்துவிடும் என்று சொல். வரம்பு மீறிச் சிரித்துவிட்டேன், அதை மட்டும் சொல்லாதே.

பெடல் கம்பிக்கு அளவு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நேஹாவுக்குப் பரீட்சை. உன் அண்ணிக்கு வேலை அதிகம். எனக்கும்தான்.

சீனிவாசலு


சரவணம்பட்டி
2.9.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சைக்கிள் பன்னிரண்டு கிலோவிலிருந்து ஒன்பது கிலோ நூற்று ஐம்பது வரை வந்துவிட்டது. தினமும் காலையில் சத்தி ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் மிதிக்கிறேன். பால்காரர்கள் எல்லாம் இப்போது வழிவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் அச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நேஹாவின் பரீட்சையை எழுதுகிறீர்கள். கம்பி ஒன்று மிச்சம் இருக்கிறது, அச்சுக்கு அளவாக. மனசில்லாவிட்டால் மனசில்லை என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் தோற்ற போட்டியில் தங்கை ஜெயித்துவிடுவாளோ என்று இருக்கிறதா? இதை விளையாட்டுக்காகத்தான் எழுதுகிறேன். பாதி விளையாட்டு.

பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

கனகம்


சரவணம்பட்டி
12.10.1995

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நான் எழுதி நாற்பது நாள் ஆகிறது, உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூட யோசித்தேன்.

அச்சு தயார். உங்கள் மாப்பிள்ளை கூலண்டை ஊற்றி ஊற்றி இரண்டு நாள் கடைந்தார். இன்னும் எடை குறையட்டும் என்று நடுவில் துளையும் போட்டுவிட்டோம். கிராங்கைப் பூட்டுகிற காட்டர் பின் உட்காருகிற பள்ளம் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் மருதமலையில் ஏற்றி இறக்கிப் பார்க்கப்போகிறேன்.

கனகம்


தந்தி
18.10.1995

அச்சு மாட்டாதே. மாட்டியிருந்தால் உடனே கழற்று. மலை ஏறாதே. கடிதம் பின்னால். சீனிவாசலு


அங்கலேஷ்வர்
18.10.1995

கனகம்,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனம் இல்லை. நீ நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1981-இல் சங்கிலி அறுந்து நான் விழவில்லை. முறிந்தது நடு அச்சு. பெங்களூரில் அப்ரெண்டிஸாக இருந்தபோது ஒருவர் கொடுத்த டைட்டானியம் துண்டில் நானே கடைந்தது. உன்னைப் போலவே எடை குறையட்டும் என்று நடுவில் துளை போட்டேன். போட்டிக்கு முந்தின நாள் நாயனாவுக்குத் தெரியாமல் மாட்டினேன். நான்காவது வளைவில் எழுந்து நின்று மிதித்தேன். காட்டர் பின் பள்ளத்தில் முறிந்தது. தோள்பட்டை எலும்பு போனது அப்படித்தான்.

ஆழியாறு சைக்கிள் கடைக்காரரை இரும்பு அச்சு மாட்டி, அறுந்த மாதிரி தெரிய சங்கிலியில் ஒரு கண்ணியைத் தட்டி எடுக்கச் சொன்னேன். முறிந்த துண்டுகளை அணையில் வீசினேன். நாயனா என் கட்டைப் பார்த்து "எது போச்சு?" என்றார். "சங்கிலி" என்றேன். அந்த ஒரு சொல்தான். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் தன் ஸ்பேனர் பெட்டியை மாசாணத்திடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் வாய் வரவில்லை. இவ்வளவு தூரத்தில் வேலை தேடியதும் அதனால்தான். லீவு கிடைக்கவில்லை என்று வருஷா வருஷம் எழுதியதும் பொய்தான்.

உனக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தால் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து நாற்பது நாள் பேனாவை எடுக்கவில்லை. உன் கழுத்தைவிட என் மானம் பெரிதாகத் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

அச்சைத் தூக்கிப் போடு. கடிதத்தை என்ன செய்வது என்பது உன் இஷ்டம்.

சீனிவாசலு


சரவணம்பட்டி
6.11.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் முழுசாக இருக்கிறேன். தந்தி வந்தபோது சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மருதமலைக்குக் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருந்தது.

கடிதம் வந்ததும் உங்கள் மாப்பிள்ளை நம்பவில்லை. நான் கடைந்தது முறியுமா என்றார். அச்சை வைஸ் இடுக்கியில் கடிக்கக் கொடுத்து, ஐந்தடிப் பைப்பைக் கிராங்கில் செருகி, அவரே ஏறி நின்று குதித்தார். ஒன்பதாவது குதியில் முறிந்தது, காட்டர் பின் பள்ளத்திலேயே. அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அவருக்கு நான்தான் காபி போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு கடிதத்தை நாயனாவிடம் படித்தேன். ஒளிக்கவில்லை, ஒரு வரி விடவில்லை. அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், திட்டியதை மட்டும் விட்டுவிடுகிறேன். "அச்சு முறிஞ்சா அச்சு முறிஞ்சதுன்னு சொல்லணும். பதினாலு வருசமா அந்தச் சங்கிலியில என்ன தப்புப் பண்ணுனன்னு நான் ரோசனை பண்ணீட்டே இருக்கறேன்" என்றார். எனக்கும் உங்கள்மேல் கோபம்தான் அண்ணா. அவர் கையை அவரே ஒதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

மூன்றாம் நாள் காலையில் தானே பஸ் ஏறிச் சிங்காநல்லூர் போய், மாசாணம் அண்ணன் வீட்டிலிருந்து ஸ்பேனர் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். மாசாணம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் இப்போது என் சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்போக்காகச் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரும்பு அச்சு. சங்கிலி நாயனா மாட்டியது.

கனகம்


அங்கலேஷ்வர்
25.11.1995

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு பத்து நாளுக்கு மேல் ஆகிறது. தினமும் ஒரு தடவை படிக்கிறேன். இங்கு அனைவரும் நலம்.

நாயனா என்னைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாரா? தையில் வரலாமா என்று நினைத்தேன். சரி, அதை அப்புறம் பார்ப்போம். மலையில் முதல் மூன்று வளைவுக்கு மூச்சைச் செலவு செய்யாதே.

சீனிவாசலு


சரவணம்பட்டி
19.1.1996

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு, நேஹாவுக்கு,

எல்லோரும் சுகம், சுகத்துக்கும் மேலே. எனக்குத் தொடை இரண்டும் மரத்துக் கிடக்கிறது, படியில் இறங்கும்போது பின்பக்கமாக இறங்குகிறேன். அதுவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன் அண்ணா.

முதலில் இருந்து சொல்கிறேன். சங்கச் செயலாளரின் வெல்ல மண்டியில் தராசில் தொங்கவிட்டு எல்லாச் சைக்கிளையும் நிறுத்தார்கள். பதினொரு பேர். மற்றதெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு கிலோ. என்னுடையது ஒன்பது கிலோ நூற்று ஐம்பது. தராசில் கோளாறு என்று மறுபடி நிறுத்தார்கள். பிறகு காந்தம் கொண்டுவந்து சட்டத்தில் வைத்தார்கள். ஒட்டியது. சீட்டுக் குழாயில் வைத்தார்கள், நழுவி விழுந்தது. "இது என்னுங்க, வெள்ளியா?" என்றார் செயலாளர். உங்கள் மாப்பிள்ளை, புருவம் முளைத்துவிட்ட தைரியத்தில், டைட்டானியத்தைப் பற்றி அரைமணி நேரம் சொற்பொழிவு செய்தார். சுவரில் ஒட்டிய உங்கள் கடிதத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்.

ஆற்றுக்குப் பூப்பறிக்கப் போகிற பெண்கள் கூட்டம் எங்களைப் பார்த்து நின்றது. "ஏனுங் அம்மணி, கூடை கொண்டாரலீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். மலை மேலே போய்ப் பறித்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆழியாறுவரை சமதரை. தென்னந்தோப்பு நெடுக எதிர்க்காற்று. அங்கே ஆண்கள் என்னைவிட வேகம், ஒப்புக்கொள்கிறேன். செக்போஸ்ட்டில் நான் ஏழாவது. போன இரண்டு வருஷமும் முதலில் வந்த உக்கடம் ஜாவித் கண்ணுக்கே தெரியவில்லை. மலை தொடங்கியது. நீங்கள் சொன்ன மாதிரி மூன்று வளைவுக்கு மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். அதிலேயே மூன்று பேர் பின்னால் போனார்கள்.

நான்காவது வளைவு. அந்த இடத்தில் மட்டும் உட்கார்ந்தே மிதிப்பது என்று முந்தின நாள் முடிவு செய்திருந்தேன். கிட்டே வந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஒரு வளைவு நம் வீட்டை எவ்வளவு நாள் ஆட்டிவைத்தது. எழுந்து நின்றேன். உடம்பு முழுக்கப் பாரத்தையும் அச்சின்மேல் போட்டு மிதித்தேன். அச்சு ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலியும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்குப் பயம் என்பதே போய்விட்டது.

ஆறாவதில் இன்னும் இரண்டு பேர். வால்பாறை பஸ் ஒன்று எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் மெதுவாகவே வந்தார், பஸ் முழுக்க ஜன்னலில் தலை. எட்டாவதில் ஜாவித்தைப் பிடித்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "நீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு இன்னும் அழுத்தினார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் கொஞ்ச தூரம். அவர் சைக்கிள் பதினொன்றரைக் கிலோ. பாவமாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒன்பதாவது வளைவில் ஒரு பஸ் நீளம் முன்னால் நான்.

இனிதான் விஷயம். பொள்ளாச்சி திரும்பிப் பரிசு கொடுக்கும்போது செயலாளர் மைக்கில் "முதல் பரிசு, சரவணம்பட்டி திருமலைசாமி அவர்கள்" என்றார். நாயனா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடி கூப்பிட்டார்கள். காது கேட்கவில்லை என்று நினைத்து மூன்றாம் தடவை கத்திக் கூப்பிட்டார்கள். நாயனா எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"ஏனுங்க, ரேக்ளாவுல மாட்டுக்கு வாயில்ல, அதுனால மாட்டுக்காரன் பேரச் சொல்றோம். இங்க மிதிச்சவளுக்கு வாயிருக்குது. அவளக் கேளுங்க."

செயலாளர் வழக்கம் என்று ஏதோ ஆரம்பித்தார். "வழக்கத்த நானும் மூணு தரம் அனுபவிச்சுப்போட்டனுங்க" என்றார் நாயனா. "அந்த மூணும் மாசாணம் மிதிச்சது. எம்பேர அழிச்சுப்போட்டு அவம்பேர எழுதுங்க." மாசாணம் அண்ணன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். ஜாவித் சும்மா இருக்கவில்லை. "போன ரெண்டு வருசமும் எங்க மொதலாளி பேருதானுங்க எழுதியிருக்குது, அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாதுங்க" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அந்த முதலாளியே சிரித்துவிட்டார். அப்புறம் மறுக்க யாரால் முடியும்?

பெயிண்டர் அங்கேயே இருந்தார். இனிஷியல் அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா என்று என்னிடம் கேட்டார். இரண்டும் வேண்டாம், மிதித்தது நான் மட்டும்தான் என்றேன். 'கனகம்' என்று எழுதியிருக்கிறது. பெயிண்ட் காய்கிறவரை நான் அங்கிருந்து நகரவில்லை.

நாயனா உங்களுக்குத் தனியாக எழுதுகிறாராம். கவரை நான் பிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் என்ன எழுதினார் என்று எனக்கு உடனே எழுதுங்கள்.

ஜெயித்த தங்கை,
கனகம்


சரவணம்பட்டி
20.1.1996

சீனிவாசலுவுக்கு,

நாயனா எழுதுவது. கால் தேவலை.

நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பைக் கடுதாசியில் கொடுக்க முடியாது. நேரில் வந்து வாங்கிக்கொள். லீவு இல்லை என்று எழுதாதே.

மருமகள் வெங்கடலட்சுமியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. உடுமலையில் ஒரு கொப்பரைக் களத்தில் 1952-ஆம் வருஷத்து ரேஸ் சைக்கிள் ஒன்று சாக்கு மூட்டைக்கு அடியில் கிடந்தது. சட்டம் நல்ல சட்டம். உனக்காகப் பேசி வைத்திருக்கிறேன். உனக்கு வயது முப்பத்தெட்டுதான். தொப்பை இருந்தால் ஒரு வருஷத்தில் கரைத்துவிடலாம்.

அங்கே கிடைக்கிற டைட்டானியம் எல்லாம் எடுத்துக்கொண்டு வா. அச்சும் அதிலேயே கடைவோம். துளை போடாமல், பள்ளத்தில் கூர் விளிம்பு விடாமல், வைஸில் கடிக்கக் கொடுத்து மாப்பிள்ளை நூறு தடவை குதித்த பிறகு மாட்டலாம். முறிந்தால் முறிந்தது என்று சொல்.

அடுத்த நோன்புக்கு நீ ஓடுகிறாய். பேர் கொடுத்துவிட்டேன். முதலில் வர வேண்டும் என்று ஆசைப்படாதே. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நீ இரண்டாவதாக வந்தால் போதும்.

இப்படிக்கு,
திருமலைசாமி